அணைக்கக் கூடாத பல்பு

மூக்கம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அந்த வீட்டுப் பெரியவர் வைத்தது. முகர்ந்து பார்க்காமல் எதையும் அடுப்பில் ஏற்றமாட்டாள் என்பதை அவள் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே அவர் கண்டுபிடித்துவிட்டார். பாலை முகர்வாள், மாவை முகர்வாள், குழாய்த் தண்ணீரைக்கூட ஒரு தடவை முகர்ந்துவிட்டுத்தான் பாத்திரத்தில் பிடிப்பாள். பெரியவருக்கு நேற்று நடந்தது இன்று நினைவில் நிற்காது. சில நாள் பெற்ற மகளின் பெயரே நழுவிப்போகும். இந்தப் பெயர் மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டது. அவளும் ஆட்சேபிக்கவில்லை. பதினோரு வருடமாக வீடு வீடாகத் தங்கிச் சமைக்கிறவளுக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெயர் விழுந்திருக்கிறது, 'ஏய்' உட்பட. அவற்றுக்கு இது எவ்வளவோ தேவலை.

பெரியவர் சரக்கு ரயிலில் கார்டாக இருந்தவர். முப்பத்துநான்கு வருடம் வண்டியின் கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்து கொடி காட்டியவர். பக்கவாதம் வந்து போனதிலிருந்து கெட்டியாக எதையும் விழுங்க முடியாது. உருளைக்கிழங்கை வேகவைத்து, வெதுவெதுப்பான பால் விட்டு மசித்து, மிளகுத்தூள் தூவிக் கொடுத்தால் குழந்தை மாதிரி சாப்பிடுவார். மதியம் அதுதான், ராத்திரியும் அதுதான். ஆனால் மூக்கம்மா முதலில் ஒரு கரண்டி எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். அது அவளுடைய வழக்கம். அவர் அதற்கு ஒரு ரயில்வே சட்டமே போட்டுவிட்டார். "சிக்னல் விழுந்துச்சா?" என்று கேட்பார். "விழுந்துச்சு ஐயா, வண்டியை எடுக்கலாம்" என்று அவள் சொன்ன பிறகுதான் வாய் திறப்பார்.

சில சாயங்காலம் அவளைப் பயணி என்று நினைத்துக்கொண்டு, "நீ எங்கம்மா இறங்கணும்?" என்று கேட்பார். அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. முதல் வருடம், "இன்னும் ரொம்ப தூரம் இருக்கு ஐயா" என்றாள். இப்போதெல்லாம், "பக்கத்துல வந்தாச்சு ஐயா, ரெண்டு மாசம்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த இரண்டு மாதத்தில்தான் அவள் உயிரே இருந்தது. வீட்டோடு தங்கி இரண்டு வருடம் ஒரே இடத்தில் புகார் இல்லாமல் முடித்தால், வேலைக்கு அனுப்பிய ஏஜென்சி ஒரு நற்சான்று தரும். அந்தக் கடிதம் இருந்தால் ஆஸ்பத்திரிச் சமையற்கூடத்தில் பகல் வேலை கிடைக்கும். காலையில் போய்ச் சாயங்காலம் வீடு திரும்புகிற வேலை. தங்கை தன் வீட்டு மாடியில் ஓர் அறையைக் காலி பண்ணி வைத்திருந்தாள். ஜன்னலுக்குத் திரைகூடத் தைத்துப் போட்டாயிற்று. சாயங்காலம் வீடு திரும்புவது என்றால் எப்படி இருக்கும் என்பதே மூக்கம்மாவுக்கு மறந்துபோயிருந்தது. இதற்கு முன் இருந்த ஆறு வீட்டில் எதிலும் இரண்டு வருடம் தாக்குப்பிடிக்கவில்லை. ஓரிடத்தில் வீட்டுக்காரர் செத்துப்போனார், ஓரிடத்தில் வீட்டையே விற்றார்கள். ஒவ்வொரு தடவையும் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

இந்த வீட்டில் வாசல் கதவை எந்நேரமும் பூட்டியே வைக்க வேண்டும். திறந்திருந்தால் பெரியவர் டியூட்டிக்குக் கிளம்பிவிடுவார். ஒரு தடவை மூன்று தெரு தாண்டிப் போய்ப் பிடித்துக்கொண்டு வந்தாள். அதனால் சாவியை நூலில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தாள். சாவி அவள் கழுத்தில், அவள் வீட்டுக்குள். பெரியவருக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவர் வாரத்தில் இரண்டு நாள் ஒரு மணி நேரம் வருவார். அந்த ஒரு மணி நேரம்தான் அவளுக்கு வெளியுலகம்.

மகள் கடல் கடந்த தேசத்தில் இருந்தாள். கெட்டவள் இல்லை. அப்பாவை விட்டுவிட்டு அங்கே இருக்கிறோமே என்று தினமும் தன்னையே பிடுங்கித் தின்கிறவள். மூக்கம்மாவுக்கு முன்னால் இருந்த ஆள், இறந்துபோன அம்மாவின் வளையல்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து மகளுக்கு யார் மேலும் நம்பிக்கை இல்லை. வரவேற்பறையில் ஒரு கேமரா, பெரியவர் படுக்கிற அறையில் ஒரு கேமரா. கைபேசியில் பார்ப்பாள், கேமராவிலிருந்தே பேசுவாள். சுவர் பேசுவது மாதிரி இருக்கும். முதல் தடவை கேட்டபோது மூக்கம்மா கையிலிருந்த தம்ளரைக் கீழே போட்டுவிட்டாள்.

வினை அதற்கு ஒன்றரை மாதம் முன்பே மூட்டை ரூபத்தில் வந்திருந்தது. அப்பாவுக்குத் தினம் கிழங்கு வேண்டுமே என்று, மகள் அங்கிருந்தே ஒரு மூட்டை உருளைக்கிழங்குக்கு ஏற்பாடு பண்ணி அனுப்பினாள். இருபத்தைந்து கிலோ. இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு வெயில் காலத்தில் ஒரு மூட்டை எதற்கு? மூக்கம்மா சொல்லிப் பார்த்தாள். வாரத்துக்கு இரண்டு கிலோ வாங்கினால் போதும், மூட்டையாக வாங்கினால் முளைத்துவிடும் என்றாள். அடிக்கடி ஆள் வாசலுக்கு வருவது நல்லதில்லை என்றாள் மகள். சரி என்று மாடிப்படிக்குக் கீழே இருக்கிற சரக்கறையில் மூட்டையை வைத்தாள். வெங்காயக் கூடையைத் தூக்கி எதிர்மூலையில் வைத்தாள், ரெண்டும் பக்கத்தில் இருந்தால் ரெண்டும் கெடும் என்று. மூட்டையின் வாயை அவிழ்த்துக் காற்றாட விட்டாள். கதவைச் சாத்தி இருட்டாக்கினாள். வாரம் ஒரு தடவை முழுவதையும் கொட்டிப் பொறுக்கினாள்.

கிழங்கு விஷயத்தில் அவளுக்கு அனுபவம் உண்டு. வாலிபத்தில் ஒரு மாணவியர் விடுதியில் எடுபிடியாக இருந்தபோது, ஜன்னலோரம் குவித்து வைத்த கிழங்கு பச்சை பூத்துவிட்டது. தலைமைச் சமையல்காரர் தோலைச் சீவிப் போடச் சொன்னார். அன்று ராத்திரி பதினான்கு பெண்கள் வாந்தியெடுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டார்கள். பால் கெட்டுப்போயிருக்கும் என்று விடுதியில் பூசி மெழுகினார்கள். மறுநாள் வந்த டாக்டர்தான் கிழங்கைக் கையில் எடுத்து, பச்சை ஏறியதும் கசப்பதும் விஷம், எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது என்று சொன்னார். அன்றைக்குப் பிடித்தது இந்த முகர்கிற பழக்கமும் முதல் கரண்டி தின்கிற பழக்கமும்.

ஆகவே அவளுடைய சட்டம் எளிது. கிழங்கு கல் மாதிரி இருந்து, முளை அரிசி அளவு இருந்தால், முளையைக் கண்ணோடு சேர்த்துத் தோண்டி எறிந்துவிட்டுச் சமைக்கலாம். முளை விரல் நீளம் போய், கிழங்கு சுருங்கித் தொளதொளத்துப் போனால் குப்பைத் தொட்டி. பச்சை பிடித்தாலும் குப்பைத் தொட்டிதான். முதல் மூட்டையில் முக்கால்வாசி பெரியவர் வயிற்றுக்குள் போனது, மிச்சம் முளைத்து வதங்கிக் குப்பைக்குப் போனது.

மகள் போட்ட மனக்கணக்குக்கு முன்னாலேயே மூட்டை தீர்ந்துவிட்டது. கால் மூட்டைக் கிழங்குக்குச் சாட்சி யார்? குப்பை வண்டிக்காரர்தான். மகள் நேரடியாக எதுவும் கேட்கவில்லை. "பரவாயில்ல, அக்கா" என்றாள். நாலு நாளில் அடுத்த மூட்டை வந்தது. கூடவே கேமரா மாட்டுகிறவரும் வந்தார்.

சரக்கறைக்குள் கேமரா. அதுவும் விலை மலிந்த கேமரா, இருட்டில் அதற்குக் கண் தெரியாது. அதனால் மேலே ஒரு பல்பைப் போட்டு, சுவிட்சின் மேல் டேப்பை ஒட்டி, இதை ராத்திரி பகல் எப்போதும் அணைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார் அந்த ஆள். பல்புக்கு நேர் கீழே மூட்டை. வாய் திறந்த மூட்டை.

மூக்கம்மாவுக்குச் சுருக்கென்றது. கேமராவைச் சோதிக்க மகள் பேசினாளோ இல்லையோ, அப்போதே சொல்லிவிட்டாள்: "அம்மா, கிழங்கு மேல வெளிச்சம் படக் கூடாது. பச்சை புடிச்சுக்கும். ஐயாவுக்கு ஆகாது. லைட்டை அணைச்சுடலாம்."

"லைட்டை அணைக்க ஒரு காரணம் கிடைச்சிடுச்சு இல்ல, அக்கா?" என்றது சுவர்.

அவள் மாட்டிக்கொண்டது அந்த இடத்தில்தான். வெளிச்சம் வேண்டாம் என்றுதான் திருடியும் சொல்வாள். நியாயமானவள் சொல்ல வேண்டிய வார்த்தையும் திருடி சொல்லக்கூடிய வார்த்தையும் ஒன்றாகப் போனால் மனுஷி என்ன செய்வாள்? மகளுடைய இடத்தில் தான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பாள் என்று தோன்றியதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

இரண்டாம் நாள் ஒரு கனத்த சாக்கை எடுத்து மூட்டையின் மேல் போர்த்தினாள். கை எடுப்பதற்குள் சுவர் கூப்பிட்டது. எதற்காக மூடுகிறீர்கள் என்று கேட்டது. வெளிச்சம் படாமல் இருக்க என்று மறுபடியும் சொன்னாள். சாக்கை எடுத்துவிடச் சொன்னது. எடுத்தாள். மூட்டையை வேறு அறைக்கு நகர்த்தலாமா என்று நினைத்தாள். நகர்த்தினால் அதற்கு வேறு பெயர் வைப்பார்கள். அப்படியே விட்டுவிட்டாள்.

ஒரு வாரத்தில் மேலே கிடந்த கிழங்குகளின் தோலில் மெல்லிய பச்சை ஓடியது. அடியில் கையை விட்டு, வெளிச்சம் படாத கிழங்காகத் துழாவி எடுத்துச் சமைத்தாள். அடியிலிருந்து எடுக்க எடுக்க மேலே இருந்தது சரிந்து கீழே போனது, கீழே இருந்தது மேலே வந்தது. பத்துப் பன்னிரண்டு நாளில் கையில் அகப்படுகிறதெல்லாம் பச்சையாக வர ஆரம்பித்தது. ஒன்றை எடுத்துக் கேமராவுக்கு நேராகப் பிடித்து, மூன்றாவது தடவையாகச் சொன்னாள். அதற்குள் மகள் எங்கேயோ படித்திருந்தாள். முளையைக் கிள்ளிவிட்டுச் சமைத்தால் ஒன்றும் ஆகாது என்று போட்டிருக்கிறதாம். மூக்கம்மா, "அது முளை, இது பச்சை, ரெண்டும் வேறம்மா" என்றாள். தோலைக் கொஞ்சம் கனமாகச் சீவுங்கள் என்று பதில் வந்தது.

சீவினாள். பாதிக் கிழங்கு தோலோடு போனது. வேகவைத்து, தனக்கு ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டாள். நாக்கின் அடியில் கசப்பும், தொண்டையில் ஓர் எரிச்சலும். துப்பிவிட்டுப் பாத்திரத்தில் இருந்த முழுவதையும் சாக்கடையில் கொட்டினாள். பெரியவர் மேஜையில் கழுத்துத் துண்டோடு உட்கார்ந்து, "சிக்னல் விழுந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவருக்குப் பாலில் ரொட்டியை ஊறவைத்துக் கொடுத்தாள்.

அன்று மத்தியானம் அடுப்படியில் உட்கார்ந்து நிதானமாக யோசித்தாள். இரண்டு வருடம் முடிய இன்னும் மூன்று வாரம். கிழங்கைச் சமைத்துப் போட்டால் பெரியவர் படுத்துவிடுவார், எண்பத்திரண்டு வயதுக்கு ஒரு வாந்தி போதும். கிழங்கை எறிந்தால் எடுத்துக்கொண்டு போனாள் என்பார்கள், கடிதம் கிடைக்காது. மாடி அறையும் ஜன்னல் திரையும் கண்ணில் வந்து நின்றன. மூன்று வாரம் ரொட்டியும் பூசணிக்காயும் கொடுத்து ஓட்டிவிடலாமா என்றும் பார்த்தாள். ஆனால் அவள் போன பிறகு வருகிறவள் முகர்ந்து பார்ப்பாளா? சுவர் சொன்னபடி சீவிப் போடுவாள். மூட்டை அப்போதும் அங்கேதான் இருக்கும்.

எழுந்து போனாள். குப்பைக் கூடையைச் சரக்கறைக்குள் இழுத்துப் போட்டாள். ஒவ்வொரு கிழங்காக எடுத்து, பச்சை தெரிகிற பக்கத்தைக் கேமராவுக்குக் காட்டிக் காட்டி, கூடையில் போட்டாள். பத்துப் பன்னிரண்டு போவதற்குள் குரல் வந்துவிட்டது. என்ன பண்ணுகிறீர்கள், நிறுத்துங்கள் என்றது. அவள் நிறுத்தவில்லை.

"நாலாவது தடவையா சொல்றேன்மா. இதைத் தின்னா ஐயாவுக்கு ஆகாது. என்னைத் திருடின்னு எழுதிக்குங்க. விஷம் வச்சவள்னு யாரும் என்னைச் சொல்லக் கூடாது."

மூட்டை முழுவதையும் அப்படியே காட்டிக் காட்டிக் காலி பண்ணினாள்.

மறுநாள் ஏஜென்சியிலிருந்து மேனேஜர் அம்மாள் போன் பண்ணினாள். வீட்டில் பொருள் குறைகிறது என்று புகார் பதிவாகியிருக்கிறது, புது ஆள் வருகிற வரைக்கும் அங்கேயே இருக்க வேண்டும் என்றாள். எத்தனை நாள் என்று மூக்கம்மா கேட்டாள். தெரியாது என்றாள். கேமராவும் பூட்டும் இருக்கிற வீட்டுக்கு ஆள் வருவது குதிரைக் கொம்பாம். திருடி என்று சொல்லிவிட்டு, திருடி கையிலேயே சாவியைக் கொடுத்து வைத்திருக்கிற கூத்தை நினைத்து மூக்கம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே பாத்திரம் தேய்த்தாள். பிறகு அழுதாள்.

மூன்றாவது மூட்டையும் வந்தது. அதையும் அதே பல்புக்குக் கீழேதான் வைக்கச் சொன்னார்கள். முதல் ஒரு வாரம் நல்ல கிழங்காக இருந்தது, சமைத்தாள். அதன் பிறகு அதைத் தொடவில்லை. உடற்பயிற்சிக்காரர் வருகிற நேரத்தில் வெளியே போய்ப் பூசணிக்காய் வாங்கி வந்து மசித்துக் கொடுத்தாள். பெரியவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு பாதி வைத்துவிடுவார். அப்பா இளைத்துப் போகிறார், கண்ணெதிரே ஒரு மூட்டை இருக்கும்போது கிழங்கு ஏன் கொடுப்பதில்லை என்று மகள் கேட்டாள். ஐந்தாவது தடவை சொல்ல மூக்கம்மாவுக்கு வாய் வரவில்லை.

இரண்டு வருடம் முடிந்த அன்று தங்கை போன் பண்ணினாள். "எப்ப வர்றே அக்கா?" என்றாள். மூக்கம்மா, ஐயாவுக்கு உடம்பு சரியில்லை, கொஞ்ச நாள் ஆகும் என்று பொய் சொன்னாள். அடுத்த வாரம் மகளே விமானம் ஏறி வந்துவிட்டாள்.

வந்த அன்று மத்தியானமே மகள் அடுப்படியில் நின்றாள். அப்பாவுக்கு இன்றைக்குத் தானே சமைப்பதாகவும், மூக்கம்மா எதையும் தொட வேண்டாம் என்றும் மரியாதையாகத்தான் சொன்னாள். பல்புக்குக் கீழிருந்து நான்கு கிழங்கு எடுத்து வந்தாள். முளைகளைச் சுத்தமாகக் கிள்ளினாள். தோலை மெல்லிசாகச் சீவினாள். அடுப்படியின் மஞ்சள் விளக்கில் பச்சை அவ்வளவாகத் தெரியவில்லை. வேகவைத்து, பால் விட்டு, மிளகு தூவி, மேஜைக்குக் கொண்டுபோனாள். பயணம் பண்ணிவந்த களைப்போடு, அப்பாவுக்கு என்று ஆசை ஆசையாகச் செய்தாள். அதைப் பார்க்கத்தான் மூக்கம்மாவுக்குச் சங்கடமாக இருந்தது. கரண்டி அவர் உதட்டருகே போனால் பாய்ந்து தட்டிவிடுவது என்று நிலைப்படியில் தயாராக நின்றாள்.

பெரியவர் வாய் திறக்கவில்லை. கண்ணால் தேடினார். நிலைப்படியில் நிற்கிறவளைக் கண்டுபிடித்தார்.

"மூக்கம்மா, சிக்னல் விழுந்துச்சா?"

"இன்னும் விழல ஐயா."

அவர் உதட்டை இறுக மூடிக்கொண்டார். "நான்தான்பா செஞ்சேன், சாப்பிடுங்க" என்று மகள் கெஞ்சினாள். அவர் தலையை ஆட்டினார். சிக்னல் விழாமல் எந்த கார்டு வண்டியை எடுக்க விடுவான்? மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஏதோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தாளோ என்னவோ, முகம் சிவந்துவிட்டது. "இதுல என்ன இருக்கு, பாருங்க" என்று ஒரு கரண்டி எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

மென்றாள். மெல்வது நின்றது. எழுந்து போய்த் தொட்டியில் துப்பினாள். வாயைக் கொப்பளித்தாள், மறுபடியும் கொப்பளித்தாள். குழாயை மூடினாள். திரும்பியபோது கண் கலங்கியிருந்தது.

"இவ்வளவு கசக்கும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அக்கா."

"சொன்னேன்மா. நாலு தடவை சொன்னேன். உங்க கேமராவுலயே இருக்கும், போட்டுப் பாருங்க."

மகள் மேஜையில் உட்கார்ந்து கைபேசியை எடுத்தாள். மூக்கம்மா போட்டுப் பார்க்கச் சொன்னது வீம்புக்கு. உண்மையிலேயே போடுவாள் என்று நினைக்கவில்லை. அந்தச் சின்னக் கண்ணாடியில் சரக்கறை தெரிந்தது, சாக்கைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருத்தி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தன் தலைமுடி இவ்வளவு நரைத்துவிட்டதா என்று மூக்கம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. மகளுடைய குரல் கணீரென்று வந்தது. 'அதை ஏன் மூடறீங்க? எடுங்க முதல்ல. எனக்கு எல்லாம் தெரியுது.'

பெரியவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். பிறகு மகளைப் பார்த்தே கேட்டார்.

"யாரும்மா அது? மூக்கம்மாவை ஏன் இப்படிப் பேசுது?"

மகள் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். எழுந்து போய்ச் சுவிட்சில் ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் கிழித்து, பல்பை அணைத்தாள்.

அன்றைக்கே ஏஜென்சிக்கும் போன் பண்ணினாள், மூக்கம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான். புகாரை எடுத்துவிடச் சொல்லி மன்றாடினாள், அதில் குறை சொல்ல முடியாது. ஒரு தடவை ஏறிய புகாரை அழிக்க வழியில்லை, வேண்டுமானால் கீழே ஒரு வரி சேர்க்கலாம் என்றாள் மேனேஜர் அம்மாள். சேர்த்தார்கள். முதல் வரியில் பொருள் குறைந்ததாகப் புகார். இரண்டாம் வரியில் புகார் கொடுத்தவர் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆஸ்பத்திரிச் சமையற்கூடத்தில் முதல் வரியோடு படிப்பதை நிறுத்தி, காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அங்கே சரக்கறைச் சாவி சமையல்காரர்கள் கையில் இருக்குமாம், புகார் உள்ளவர்களை எடுப்பதில்லையாம்.

மகள் திரும்பிப் போகும்போது மூக்கம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க எங்கயும் போக வேண்டாம், அக்கா. எத்தனை வருஷம் வேணும்னாலும் இங்கயே இருங்க" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு, மூக்கம்மா கதவைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

இப்போது கிழங்கு வாரம் இரண்டு கிலோதான் வருகிறது. சரக்கறை இருட்டாக இருக்கிறது. கேமராவின் சிவப்புப் பொட்டு மட்டும் எரிகிறது, அதைக் கழற்ற யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அவள் கையாலேயே தடவிப் பார்த்துக் கெட்டியான கிழங்காக எடுக்கிறாள். கண்ணில் அரிசி மாதிரி முளை தட்டுப்பட்டால் தோண்டி எறிகிறாள், முகர்கிறாள், வேகவைக்கிறாள். மாடி அறையைத் தங்கை வாடகைக்கு விட்டுவிட்டாள். அவளும் எத்தனை நாள் பார்ப்பாள்?

நேற்றுச் சாயங்காலம் மசித்த கிழங்கில் முதல் கரண்டியை மூக்கம்மா வாயில் போட்டுக்கொண்டபோது, பெரியவர் சிக்னலைப் பற்றிக் கேட்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீ எங்கம்மா இறங்கணும்?" என்றார்.

அவள் விழுங்கி முடித்தாள். துண்டை அவர் கழுத்தில் சரியாகச் செருகினாள்.

"இறங்கலை ஐயா. நீங்க சாப்பிடுங்க."